முதல்ல அடிக்க மாட்டோம்... அடிச்சா விட மாட்டோம்! இந்தியாவின் அணு ஆயுதக் கொள்கையில் நெல்லை விஜயநாராயணத்துக்கு என்ன வேலை?

மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டை பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். மேலே ஏறினால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்று நடந்த சமண முனிவர்கள் தங்கிய மலை அது. சமணர் மலை என்றுதான் பெயரே.

2025 மே மாதம் அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எல்லார் கையிலும் செல்போன், செல்போனில் போர்ச் செய்தி. ஏப்ரல் 22-ல் பஹல்காம் தாக்குதல், 26 பேர் பலி. மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். மே 10-ல் சண்டை நிறுத்தம். இடையில் இருந்த அந்த நாலு நாளும் டீக்கடை, பஸ், வாட்ஸ்அப் குரூப் என எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "அணுகுண்டு போட்டா நம்ம ஊர் வரைக்கும் வருமா?"

நேரடியான பதில்: வரும். பாகிஸ்தான் 2015-ல் முதன்முறையாகச் சோதித்த ஷாஹீன்-3 ஏவுகணை 2,750 கிலோமீட்டர் போகும் என்பது அந்த நாடே சொன்ன கணக்கு. கராச்சியிலிருந்து மதுரைக்கு வானத்தில் கோடு போட்டால் சுமார் 2,000 கிலோமீட்டர்தான். 'சண்டை எல்லாம் வடக்கேதான்' என்ற ஆறுதல் ஏவுகணைக் காலத்தில் செல்லுபடி ஆகாது.

ஆனால் முக்கியமான கேள்வி அதுவல்ல. அப்படி ஒரு நிலைமை வந்தால் இந்தியா என்ன செய்யும்? யார் முடிவெடுப்பார்கள்? இதற்கான பதிலின் ஒரு பகுதி டெல்லியில் இருக்கிறது. இன்னொரு பகுதி, மதுரையிலிருந்து நாலு வழிச்சாலையில் தெற்கே மூணு மணி நேரம் போனால், நாங்குநேரி பக்கத்தில் இருக்கிறது.

எழுதி வைத்த கொள்கை என்ன சொல்கிறது?

இந்தியாவின் அணு ஆயுதக் கொள்கையைப் பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு அமைச்சரவைக் குழு 2003 ஜனவரி 4-ஆம் தேதி வெளியிட்டது. பெரிய புத்தகம் எல்லாம் இல்லை, சின்ன அறிக்கைதான். அதன் சாரம்: அணு ஆயுதத்தை இந்தியா முதலில் பயன்படுத்தாது. இந்தியா மீதோ, உலகில் எங்கே இருந்தாலும் இந்தியப் படைகள் மீதோ யாராவது அணு ஆயுதம் போட்டால் பதிலடி மிகப் பெரியதாக, எதிரியால் தாங்க முடியாததாக இருக்கும். அணு ஆயுதம் இல்லாத நாடுகள் மீது அதைப் பயன்படுத்த மாட்டோம். கையில் வைத்திருப்பது, எதிரி பயப்படும் அளவுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் கவனிப்பதில்லை. அணுகுண்டே போடாமல், ரசாயன ஆயுதத்தாலோ கிருமி ஆயுதத்தாலோ பெரிய தாக்குதல் நடத்தினாலும் அணு ஆயுதத்தால் திருப்பி அடிக்கும் உரிமையை இந்தியா கையில் வைத்திருக்கிறது. அதாவது 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற வாக்குறுதியில் ஒரு சின்னக் கதவு 2003-லேயே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கொள்கைக்கு முதல் வரைவு எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம். தமிழ்நாட்டில் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர், பிறகு பாதுகாப்பு விவகாரங்களில் நாட்டின் பெரிய மூளையாகப் பேசப்பட்டவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் ஐந்து குண்டுகளை வெடித்துச் சோதித்த பிறகு, 'சரி, ஆயுதம் இருக்கு, எப்ப எடுப்பீங்க?' என்று உலகம் கேட்டது. அதற்குப் பதிலாக 1999 ஆகஸ்ட் 17-ல் வெளியானதுதான் அந்த வரைவு. அதில் தண்டனை தரும் பதிலடி என்றுதான் இருந்தது. 'மிகப் பெரிய' என்ற சொல்லும், ரசாயன ஆயுத விதிவிலக்கும் 2003-ல் சேர்ந்தவை.

பட்டனை அழுத்துவது யார்?

சினிமாவில் வருகிற மாதிரி சிவப்புப் பட்டன் ராணுவத் தளபதி மேஜையில் இல்லை. அணு ஆயுதக் கட்டளை ஆணையம் என்று ஒரு அமைப்பு. அதில் பிரதமர் தலைமையில் அரசியல் குழு, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையில் நிர்வாகக் குழு. ஆலோசனையும் தகவலும் நிர்வாகக் குழு தரும். 'போடு' என்று சொல்லும் அதிகாரம் அரசியல் குழுவுக்கு மட்டும்தான். ஆயுதங்களைக் கையாள்வது வியூகப் படைக் கட்டளையகம், அதுவும் 2003-ல் அமைக்கப்பட்டதுதான்.

முதல் குண்டு டெல்லி மேலேயே விழுந்தால்? பிரதமரே இல்லாமல் போனால்? அதற்கும் மாற்றுக் கட்டளை வரிசை தயார் என்று 2003 அறிக்கை சொல்கிறது. அந்த வரிசையில் அடுத்தடுத்து யார் யார் என்பது மட்டும் வெளியே சொல்லப்படவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

முதல் அடியை வாங்கிட்டு எப்படித் திருப்பி அடிக்கிறது?

இந்தக் கொள்கையின் சிக்கல் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. முதலில் அடிக்க மாட்டேன் என்று சொல்கிற நாடு, முதல் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் எழுந்து அடிக்கத் தெம்பு இருக்க வேண்டும். அந்தத் தெம்பு இல்லை என்று எதிரிக்குத் தோன்றிவிட்டால் கொள்கை வெறும் காகிதம்.

தரையில் அக்னி வரிசை ஏவுகணைகள் இருக்கின்றன. 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் அக்னி-5, ஒரே ஏவுகணையில் பல குண்டுகளை வெவ்வேறு இலக்குகளுக்கு அனுப்பும் திறனோடு 2024 மார்ச் 11-ல் சோதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அக்னி-பிரைம் ஏவுகணையை ரயிலில் இருந்தே ஏவிக் காட்டினார்கள். ஓடும் ரயிலைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதுதான் அதன் சூட்சுமம். வானத்தில் குண்டு சுமக்கும் போர் விமானங்கள். ஆனால் விமானத் தளமும் ஏவுகணைத் தளமும் செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் அடிக்கலாம்.

தெரியாத ஒரே இடம், கடலுக்கு அடியில்.

அதற்காகத்தான் ஐஎன்எஸ் அரிஹந்த். அணு உலையால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல். டீசல் நீர்மூழ்கி அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும், இதற்கு அந்தத் தேவை இல்லை. சாப்பாடும் மனுஷங்களோட பொறுமையும் தீரும்வரை உள்ளேயே கிடக்கலாம். 2009-ல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கி, 2016-ல் கடற்படையில் சேர்ந்து, முதல் ரோந்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பர் 5-ல் பிரதமர் மோடி அறிவித்தார். இரண்டாவது கப்பல் அரிகாட், 2024 ஆகஸ்ட் 29-ல் சேர்ந்தது.

அரிஹந்துக்கு 'இதயம்' துடிக்க ஆரம்பித்தது செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில். கப்பலுக்குள் வைக்க வேண்டிய உலையை முதலில் தரையில் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 2003-ல் அது இயங்கத் தொடங்கி, 2006-ல் முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. பத்திரிகையாளர்கள் கண்ணில் காட்டியது 2009-ல்தான். அதுவரை மகாபலிபுரம் போகிற சுற்றுலாப் பயணிகளுக்குக் கல்பாக்கம் என்றால் கரன்ட் தயாரிக்கிற இடம் என்றுதான் தெரியும்.

கப்பலில் வைக்கும் ஏவுகணையிலும் ஒரு கணக்கு. முதலில் வந்த கே-15, 750 கிலோமீட்டர்தான் போகும். அதை வைத்துக்கொண்டு அடிக்க வேண்டுமென்றால் எதிரியின் கரை அருகே போக வேண்டும், மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். 2024 நவம்பரில் அரிகாட் கப்பலிலிருந்து சோதிக்கப்பட்ட கே-4, சுமார் 3,500 கிலோமீட்டர் போகும். வங்கக் கடலை விட்டு நகராமலேயே பாகிஸ்தானின் எந்த மூலையையும், சீனாவின் பல நகரங்களையும் தொடலாம்.

சரி, விஜயநாராயணம் எங்கே வருது?

கப்பல் கடலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. டெல்லியில் முடிவெடுத்தாச்சு. அதை எப்படிக் கப்பலுக்குச் சொல்வது?

செல்போன் அலை, எஃப்எம் அலை, செயற்கைக்கோள் அலை எதுவும் கடல் தண்ணீருக்குள் இறங்காது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அந்த அலைகளை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். கப்பல் மேலே வந்து ஆன்டெனாவை நீட்டினால் கேட்கும். ஆனால் மேலே வந்தால் எதிரி பார்த்துவிடுவான். ஒளிந்திருப்பதுதானே அதன் பலமே!

இதற்கு இயற்பியலில் ஒரே ஒரு சந்து இருக்கிறது. அலையின் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே போனால், அது தண்ணீருக்குள் கொஞ்சம் இறங்கும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள், விஎல்எஃப் என்பார்கள், சுமார் 20 மீட்டர் ஆழம்வரை போகும். கப்பல் அதற்குக் கீழே இருந்தபடி, நீளமான கம்பி ஆன்டெனாவைப் பட்டம் விடுவது போல மேலே மிதக்க விட்டால் போதும். சேதி கிடைத்துவிடும்.

ஆனால் இந்த அலை ரொம்பப் பெரிசு. எஃப்எம் ரேடியோவின் ஒரு அலை நீளம் மூணு மீட்டர், ஒரு ஆட்டோ சைஸ். 20 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 15 கிலோமீட்டர். கீழக்குயில்குடியில் அலை ஆரம்பித்தால் மீனாட்சி அம்மன் கோவிலைத் தாண்டிப் போய்தான் முடியும். இவ்வளவு பெரிய அலையை அனுப்ப மொட்டை மாடி ஆன்டெனா பத்தாது. பரந்த சமவெளி வேண்டும், வானத்தைத் தொடும் கோபுரம் வேண்டும், ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும்.

அந்தச் சமவெளிதான் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம். அங்கே 1990-ல் தொடங்கப்பட்ட கடற்படைத் தளத்தின் பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். மதுரையிலிருந்து அங்கே போகிற வழியில்தான் கயத்தாறு வருகிறது, 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்ட ஊர். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் போல.

தளத்தின் ஆன்டெனாக் கோபுரங்கள் இந்தியாவின் மிக உயரமான கட்டமைப்புகளில் சேர்ந்தவை. 400 மீட்டருக்கும் மேல். மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். அதை எட்டு முறை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், புரியும். 2014-ல் அங்கே புதிய விஎல்எஃப் நிலையமும் சேர்ந்தது.

இந்த வழியில் போகிற சேதி ரொம்ப மெதுவானது. குரல் போகாது, படம் போகாது, சுருக்கமான சங்கேத எழுத்துகள் மட்டும். இதைவிட முக்கியம், இது ஒருவழிப் பாதை. கப்பலால் கேட்க முடியும், இதே வழியில் பதில் சொல்ல முடியாது. நானூறு மீட்டர் கோபுரத்தைக் கப்பலில் கட்டிக்கொண்டு போகவா முடியும்? 'கிடைச்சுதா?' என்று கேட்டால் 'கிடைச்சுது' என்று சொல்ல ஆள் இல்லாத உரையாடல். எந்தச் சேதி எந்த நிலையம் வழியாக, எந்தச் சங்கேதத்தில் போகும் என்பதெல்லாம் பரம ரகசியம்.

இன்னொரு மாற்றமும் இதோடு சேர்ந்து வந்தது. ரொம்ப காலம் இந்தியா அணுகுண்டையும் ஏவுகணையையும் தனித்தனியாகவே வைத்திருக்கும் என்று கருதப்பட்டது. குண்டு ஒரு துறை கையில், ஏவுகணை இன்னொரு துறை கையில். அவசரப்பட்டோ தவறுதலாகவோ யாரும் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் ரோந்து போகிற நீர்மூழ்கிக் கப்பலில் குண்டை விசாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு ஏவுகணையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை. அமைதிக் காலத்திலேயே சில குண்டுகளை ஏவுகணையோடு பொருத்தி வைக்கும் நிலைக்கு இந்தியா நகர்கிறது என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரி கணிக்கிறது. பாதுகாப்புக்காகக் கட்டிய ஏற்பாடு, பழைய ஒரு பூட்டைக் கழற்ற வைக்கிறது.

தவறுதலாக நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2022 மார்ச் 9-ஆம் தேதி பராமரிப்பின்போது இந்திய ஏவுகணை ஒன்று தானாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. அது பிரம்மோஸ். குண்டு இல்லை, உயிர்ச் சேதமும் இல்லை. விமானப் படை அதிகாரிகள் 3 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். கராச்சியிலிருந்து 2,000 கிலோமீட்டரைக் கடக்க ஏவுகணைக்குக் கால் மணி நேரம் போதும். மியான் சன்னுவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

அப்போ தென் மாவட்டங்கள் இலக்கா?

கசப்பான கேள்விதான், ஆனால் கேட்காமல் விட முடியாது. எதிரியின் கோணத்தில் பாருங்கள். கடலுக்குள் கப்பலைத் தேடுவது கஷ்டம். அதன் காதை அடைப்பது சுலபம், கோபுரம் நகராது. அதனால்தான் இப்படிப்பட்ட நிலையங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் போர்க்கால இலக்குப் பட்டியலில் இருக்கும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கருதுகிறார்கள்.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஒரு நல்ல ஒப்பந்தம் இருக்கிறது. 1988 டிசம்பர் 31-ல் கையெழுத்தானது. ஒருவர் அணுசக்தி நிலையங்களை இன்னொருவர் தாக்கக் கூடாது. 1992-லிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. உறவு எவ்வளவு மோசமாக இருந்த வருஷத்திலும் இது நின்றதில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் சொல்வது அணு உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டும் ஆலை, மறுசுழற்சி ஆலை, கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை. கூடங்குளம் அந்த வகையில் வரும். விஜயநாராயணத்தில் அணுப்பொருள் எதுவும் கிடையாது, அது ரேடியோ நிலையம். இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

கூடங்குளத்தில் குண்டு தயாரிக்கிறாங்களா?

இந்த வதந்தி 2011-12 போராட்டக் காலத்திலிருந்தே சுற்றுகிறது. இல்லை. கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன, எரிபொருள் கணக்கு வெளியாட்கள் கையில். கல்பாக்கம் கதை வேறு. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்காக 2006-ல் சிவில், ராணுவம் என்று இந்தியா நிலையங்களைப் பிரித்தபோது, கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், அங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் அதிவேக ஈனுலையும் கண்காணிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஈனுலை புளூட்டோனியத்தைப் பெருக்கும் என்பதால் வெளிநாட்டு நிபுணர்கள் அதைக் கவனித்தபடியே இருக்கிறார்கள். மின் உற்பத்திக்கானது என்பது இந்தியாவின் பதில்.

யாரிடம் எவ்வளவு?

சிப்ரியின் 2025 ஜனவரி மதிப்பீடு: இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. ரஷ்யாவும் அமெரிக்காவும் ஆளுக்கு 5,000-க்கு மேல். ஒன்பது நாடுகளையும் சேர்த்தால் 12,241.

இதில் ஓடிக்கொண்டிருப்பது சீனாவின் எண்தான். 2030-க்குள் ஆயிரத்தைத் தாண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணிப்பு. 1964-லிருந்து 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்று சீனாவும் சொல்லி வருகிறது. பாகிஸ்தான் அப்படிச் சொன்னதே இல்லை. இந்தியத் தரைப்படை உள்ளே நுழைந்தால் போர்க்களத்திலேயே போட, சுமார் 60 கிலோமீட்டர் மட்டும் போகும் நஸ்ர் என்ற குட்டி ஏவுகணையை வைத்திருக்கிறது.

எண்ணிக்கை இருந்தால் போதுமா, குண்டு வேலை செய்யுமா என்றும் ஒரு சண்டை நடந்தது. 1998-ல் சோதித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த சக்தியைத் தரவில்லை என்று, அந்தச் சோதனையில் பங்கேற்ற டிஆர்டிஓ விஞ்ஞானி கே.சந்தானம் 2009-ல் போட்டு உடைத்தார். அணுசக்தி ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்.சிதம்பரமும், ராமேஸ்வரம் தந்த அப்துல் கலாமும் அதை மறுத்தார்கள். பொக்ரானை நடத்தியவர்கள் பொக்ரானைப் பற்றி இன்றைக்கும் ஒரே குரலில் பேசியதாக வரலாறு இல்லை. மறுபடி சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் சோதனை நடத்த மாட்டோம் என்பதும் இந்தியாவின் கொள்கை. 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அணு ஆயுதச் சோதனையை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டதாக அறிவித்தது முதல், இந்தப் பழைய பஞ்சாயத்துக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது.

கொள்கை மாறுமா?

மாறலாம் என்ற பேச்சு புதிதல்ல. அணு ஆயுதக் கொள்கையை மறுபரிசீலனை செய்வோம் என்று 2014 தேர்தல் அறிக்கையில் பாஜக சொன்னது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதை மாற்றப் போவதில்லை என்று தேர்தலுக்கு முன்பே மோடி விளக்கினார். 2016-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், நாமே ஏன் நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் பேசிவிட்டு, அது தன் சொந்தக் கருத்து என்றார். 2019 ஆகஸ்ட் 16-ல் பொக்ரானிலேயே நின்று, இன்றுவரை இந்தக் கொள்கையில் உறுதியாக இருக்கிறோம், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார் ராஜ்நாத் சிங். 2025 மே 12-ல் மோடி பேசியது வேறு கோணம்: அணுகுண்டைக் காட்டி மிரட்டினால் இந்தியா அடங்கிப் போகாது. அது கொள்கை மாற்றம் இல்லை. அணு ஆயுதம் இல்லாத தாக்குதலுக்குக்கூட இனி தயங்க மாட்டோம் என்ற சேதி.

மாற்றச் சொல்பவர்களின் வாதம்: லட்சக்கணக்கான மக்கள் செத்த பிறகு பழிவாங்கி என்ன பயன்? வேண்டாம் என்பவர்களின் வாதம்: 'நாங்களும் முதலில் அடிக்கலாம்' என்று சொன்ன அடுத்த நிமிஷம், எதிரியும் முந்திக்கொள்ளப் பார்ப்பான். இரண்டு பக்கமும் விரல் பட்டனிலேயே இருக்கும். மியான் சன்னு மாதிரி ஒரு தவறு நடந்தால், அது தவறுதானா என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டாவது வாதம்தான் இன்னும் வலுவாக நிற்கிறது.

அடுத்து என்ன?

2025 மே 7-ல் நாடு முழுக்க நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகையில் தமிழ்நாட்டில் தேர்வானவை சென்னைத் துறைமுகமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும்.

தெலங்கானா மாநிலம் விகாராபாத்தில் நாட்டின் இரண்டாவது விஎல்எஃப் நிலையம் வருகிறது. விஜயநாராயணம் ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் இது. தாமகுண்டம் காட்டில் 2,900 ஏக்கர், செலவு 3,200 கோடி ரூபாய். 2024 அக்டோபர் 15-ல் ராஜ்நாத் சிங் அடிக்கல் நாட்டினார். மூசி ஆறு உற்பத்தியாகும் பகுதி அது, காட்டுக்குள் பழைய ராமலிங்கேஸ்வர சாமி கோவிலும் இருக்கிறது. மரம் போகும், ஆறு கெடும், கோவிலுக்குப் போகிற வழி அடைபடும் என்று உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். கோவிலுக்குப் போக அனுமதி தொடரும் என்று உறுதி தரப்பட்டது. 2027-ல் வேலை முடிய வேண்டும் என்பது திட்டம்.